அழிந்த கேசட்

"மேல வேற பாட்டை ரெக்கார்டு பண்ணிட்டா, பழசு திரும்ப வராது பெரியவரே," என்றான் ரேடியோ கடை தணிகைவேல்.

ஏகாம்பரம் கேசட்டைத் திரும்ப வாங்கவில்லை. "இது நாலாவது கடைப்பா. வாலாஜாபாத் வரைக்கும் அலைஞ்சிட்டேன். பேரன் தெரியாம அழிச்சிட்டான்."

"முன்ன இன்னா இருந்தது?"

"என் சம்சாரம் பாடின ஒப்பாரி. மச்சான் ரெக்கார்டு பண்ணது."

"அவங்க உசுரோட கீறாங்களா?"

"கீறா."

"அப்போ திரும்பப் பாடச் சொல்லுங்க."

"மாட்டேங்கிறா."

"யார் சாவுக்குப் பாடினாங்க?"

ஏகாம்பரம் களைத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்குத்தான். போன வருசம் பஸ் கவுந்ததுல நான் செத்துட்டேன்னு தப்பா சேதி வந்திச்சி. நாப்பது வருசத்துல அவ என்னை 'என் ராசா'ன்னு சொன்னது அந்த ஒரு வாட்டிதான்."