உப்பு தேவைக்கு

"சமையல் மட்டும் சேவ் பண்ணிக் குடு பாப்பா. கீழ இருக்கிற கமெண்ட்டுங்க வேணாம்."

அமீருதீன் பாய் பென்டிரைவை நீட்டினார். கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஸ்நேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முழுப் பக்கமா சேவ் பண்ணாத்தான் பாய் போட்டோவும் சேந்து வரும், நெட்டு இல்லாமலே தொறக்கும். இத்த வெட்டு, அத்தத் தள்ளுன்றதுக்கு இது இன்னா கறிக்கடையா?"

பாய் சிரிக்கவில்லை.

அவர் மனைவி சாயிரா பானு இறந்துபோய்ச் சில மாதமாகிறது. அந்தம்மா தன் கைப்பக்குவத்தை எல்லாம் நெட்டில் எழுதி வைத்திருந்தார். இலவசமாக இடம் கொடுத்த கம்பெனி இந்த மாதத்தோடு மூடப் போகிறது. அப்புறம் ஒரு வரி மிஞ்சாது.

"அவ போனதும் ஊட்ல நெட்ட நிறுத்திட்டேன். மத்தியானம் ஓட்டல் சோறுதான். தட்டு பக்கத்துல கம்ப்யூட்டர வெச்சிக்கினு அவ எழுதுனதப் படிச்சிக்கினே துன்னா, எதிர்ல குந்திக்கினு பேசற மாரி இருக்கும். அத்த மட்டும் எடுத்துக் குடு."

ஸ்நேகா பக்கத்தை நகர்த்தினாள். எந்தச் சமையலைப் பார்த்தாலும் கீழே தஸ்லீம் என்று ஒரே ஒரு பேர்தான். 'அருமை', 'இது மாரி யாருக்கும் வராது' என்று ஒரே பாராட்டு. எல்லாவற்றுக்கும் அந்தம்மா பதில் போட்டிருந்தார். ஸ்நேகா ஒன்றை உரக்கப் படித்தாள்.

'ரொம்ப சந்தோஷம் தஸ்லீம் அக்கா. எங்க ஊட்டுக்காரரு துன்னுட்டுக் கையக் கழுவிக்கினு போய்க்கினே இருப்பாரு. நல்லா கீதுன்னு ஒரு வார்த்த வராது. நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க.'

"ஓகோ, இதுக்குத்தான் கமெண்ட் வேணாமா? இருந்தப்ப நீங்களும் சொல்லல. சொன்ன மகராசியையும் தூக்கிடணுமா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த தஸ்லீம் நான்தான் பாப்பா."

மவுஸைப் பிடித்திருந்த கை நின்றது.

"இத்தினி வருசம் சொல்லாத வாயி, திடீர்னு எப்டி சொல்லும்? வெக்கம். பொம்பள பேர்ல எழுதிட்டேன். அவ அக்கா அக்கான்னு மனசு வுட்டுப் பேசினா. ஏமாத்திட்டேன் பாப்பா. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அத்தப் பாத்துக்கினு எனக்கு எப்டி சோறு எறங்கும்?"

ஸ்நேகா மவுஸை மறுபடி உருட்டினாள். நகர்த்திக்கொண்டே கடைசிச் சமையலுக்கு வந்தாள். இறால் தொக்கு.

"பாய், இதுவும் நீங்க எழுதுனதா? 'தொக்கு பிரமாதம். இன்னிக்கு உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.'"

"ஆமா. மறுநாளே ஆஸ்பத்திரில சேத்துட்டோம். அப்பால நான் அந்தப் பக்கமே போவல. ஏன், இன்னா?"

"அவங்க 'உப்பு தேவைக்கு'ன்னுதானே எழுதிக்கீறாங்க? இன்னிக்குத் தூக்கல்னு அந்த ஊட்ல துன்னவருக்குத்தானே பாய் தெரியும்?"

பாய் விழித்தார்.

ஸ்நேகா திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதற்குக் கீழே, அவர் இதுவரை பார்க்காத ஒரு பதில் இருந்தது.

'சரி மச்சான், நாளைக்குக் கம்மியா போடறேன்.'