மடியில் செருப்பு

போன தைப்பூசத்துக்கு மாலை போட்டு, வெறுங்காலோடு பழனிக்கு நடந்துபோன மகன் நவநீதன் திரும்பி வரவேயில்லை. அவன் வாசலில் கழற்றிவிட்டுப் போன செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, தெய்வாத்தாள் காலையிலிருந்து கார் ஜன்னல் வழியே பாதயாத்திரைக்காரர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாக் கால்களும் ஒன்றுபோலப் புழுதியும் கொப்புளமுமாக இருந்தன. தாராபுரம் தாண்டியதும் பொறுக்கமாட்டாமல், “நவநீதா!” என்று கத்தினாள். முன்னால் போன பச்சை வேட்டிக் கூட்டத்தில் ஒரு தலைகூட அசையவில்லை.

“மாலை போட்டவன் பேரச் சொன்னாத் திரும்புவானா புள்ள? சாமின்னு கூப்புடு” என்றார் வண்டியோட்டிய அவள் புருஷன் நாச்சிமுத்து.

அவள் தலையை வெளியே நீட்டி, “சாமீ!” என்றாள்.

சாலையில் போன அத்தனை பேரும் திரும்பினார்கள். அத்தனை நெற்றியிலும் திருநீறு. அவன் மட்டும் இல்லை.

நாச்சிமுத்து வண்டியை ஓரங்கட்டினார். அன்னதான வண்டி என்று நினைத்து ஒருவர் ஓடிவந்து இரண்டு கைகளையும் நீட்டினார். “என்னங்க சாமி குடுக்கறீங்க?”

அதற்குள் அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. தெய்வாத்தாள் முந்தானையை இழுத்துச் செருப்பை மூடினாள்.