இரண்டு ராத்தல் கூடுதல்

சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தராசில் உட்கார்ந்தேன்.

பத்து ஸ்டோன், இரண்டு ராத்தல்.

இருக்க வேண்டியது பத்து ஸ்டோன். சேணம், பூட்ஸ், நான், என் மானம் எல்லாம் சேர்த்து.

பதினான்கு ராத்தல் சேர்ந்தால் ஒரு ஸ்டோன். பந்தயக் குதிரை ஓட்டுகிறவனுக்கு அந்தப் பதினான்கில் ஒவ்வொன்றும் ஒரு மாமியார்.

“என்னய்யா கெல்வின், நேத்து குதிரையையே தின்னுட்டியா?” என்றார் எடை பார்க்கும் அதிகாரி த்வெய்ட்.

“ஆப்பிள் கிரம்பிள், சார். சட்டிய வழிச்சு.”

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். நானும் சிரித்தேன். ஆனால் வயிற்றில், மாவும் சர்க்கரையும் தூவிச் சுட்ட அந்த ஆப்பிள் இனிப்போடு பயமும் இருந்தது.

பயிற்சியாளர் ஆக்ராய்ட் போன வாரமே சொல்லியிருந்தார், இன்னொரு முறை எடை கூடினால் அவருடைய லாயத்துப் பக்கமே வரக்கூடாது என்று. அவருடைய குதிரைகள் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது நாற்பத்தொரு வயதும் இரண்டு கெட்ட முழங்கால்களும்தான்.

காலையில் ஒரு மணி நேரம் கொதிக்கும் வெந்நீரில் கிடந்தேன். பிறகு பிளாஸ்டிக் உடையோடு, காரில் ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்து, யார்க்‌ஷர் முழுக்க வெந்துகொண்டே வந்தேன்.

வியர்வை போனது. கிரம்பிள் போகவில்லை.

ருசியில் மயங்கித் தின்றேன் என்றும் சொல்ல முடியாது. அடி கருகியிருந்தது. ஆப்பிள் வேகவே இல்லை. ஒவ்வொரு வாயும் எத்தனை அவுன்ஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தின்றேன்.

எடை கூடினால் அதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பந்தயம் கட்டுகிறவர்களை ஏமாற்றக் கூடாதல்லவா.

“மூன்றாம் எண் குதிரை. கெல்வின் ஸ்பிங்க், இரண்டு ராத்தல் கூடுதல்.”

நாலாயிரம் பேர் முன்னிலையில் என் தொப்பை அரங்கேறியது. கையில் பீரோடு நின்ற ஒருவர் எனக்கு சல்யூட் அடித்தார்.

குதிரைகளைச் சுற்றி நடத்தும் வட்டத்தில் ஆக்ராய்ட் காத்திருந்தார். வேறு ஆள் தேட நேரமில்லாததால்தான் என் காலைப் பிடித்துத் தூக்கிக் குதிரைமேல் ஏற்றிவிட்டார்.

“இதான் கடைசி, ஸ்பிங்க். அடுத்த சனிக்கிழமை வேற ஆளு.”

நான் தலையாட்டினேன். என் கண் வேலிப் பக்கம் போயிருந்தது.

வேலியோரம் என் மனைவியும், அவளுடைய முதல் கல்யாணத்து மகள் ஹேசலும் நின்றார்கள். ஹேசலுக்குப் பதினோரு வயது. என் வீட்டுக்கு வந்து எட்டு மாதம். இதுவரை என்னை எந்தப் பெயரிட்டும் கூப்பிட்டதில்லை.

நேற்று அந்தச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு மாடிக்கு ஓடியவள், காலையில் காலிச் சட்டியைப் பார்த்தாள். பிறகு எங்கள் நாயைப் பார்த்தாள். நான்தான் தின்றேன் என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை.

இப்போது, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு கிழவரின் கோட்டைப் பிடித்து இழுத்து, ஒலிபெருக்கியைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்:

“அந்த ரெண்டு ராத்தலும் நான் செஞ்சது!”