நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

"எங்க வூட்டுக்காரரு இருமுனா ரத்தம் வருது சார். பெரியாஸ்பத்திரில காட்டணும், அவருக்கு லீவு குடுங்க." ஒரகடம் கம்பெனியின் எச்.ஆர். மேஜை முன் மஞ்சுளா கெஞ்சினாள்.

"திருமலைக்குக் காசநோய் இல்லைன்னு நம்ம கேம்ப் டெஸ்ட்டே சொல்லிடுச்சேம்மா. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாச் சொல்ற டெஸ்ட்டு! போன வருஷம் நூறு பேருக்குப் பார்த்தோம். ரெண்டே பேருக்குத்தான் தப்பாச் சொல்லுச்சு."

"அந்த ரெண்டு பேரு இன்னா ஆனாங்க?"

"நோய் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லிடுச்சு. பாவம், கம்பெனி சார்பா மாலை போட்டோம்."

மஞ்சுளா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்போ, நோய் கீதுன்னு எத்தினி பேருக்கு சார் சொல்லுச்சு?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"ஒருத்தருக்குக்கூட இல்லம்மா! அதுக்குத்தான் நமக்கு ஆரோக்கிய விருதே குடுத்தாங்க. திருமலையை செகண்ட் ஷிப்டுக்கு வரச் சொல்லுங்க."