கப்பலுக்கு ஆகாதவை

"கப்பலில என்னென்ன செய்யக்கூடாது எண்டு சொல்லுங்கோவன்" என்று, கலியாணமான புதிதில் சிவகௌரி கேட்டாள்.

"விசில் அடிச்சா புயல் வரும். வாழைப்பழம் கொண்டு போகக்கூடாது. பொம்பிளையள் ஏறினா கடல் கோவிக்கும். வெள்ளிக்கிழமை நங்கூரம் தூக்கக்கூடாது. கப்பலுக்குப் போறவனைப் பின்னால கூப்பிடவே கூடாது" என்று அடுக்கினார் சிறிதரன்.

அவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். பாய்மரக் காலத்து மாலுமிகள் பயந்த பயமெல்லாம் அவருக்கு வெறும் கேள்வி ஞானம்தான். ஆனாலும் புது மனைவியின் கண்கள் விரிய விரிய, நேரில் பட்டவர்போல எடுத்து விட்டார்.

அந்தப் பேச்சு, ஓய்வுபெற்று சிட்னியில் கிரவீனில் குடியிருக்கும் இந்த வயதில் திரும்பி வந்து வாசலை மறிக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

மகள் தர்சினி அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாக ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். பழைய காலத்துப் பாய்க்கப்பலைப் போலவே கட்டிய கப்பல், தாஸ்மேனியாவின் ஹோபார்ட் வரை போகிறது. ஆசைப்பட்டவர்கள் மாலுமிகளோடு சேர்ந்து கயிறு இழுக்கலாம், தூளிப் படுக்கையில் தூங்கலாம். வாழ்நாள் முழுக்கக் கப்பலின் வயிற்றுக்குள் இயந்திரச் சத்தத்தோடு கிடந்தவருக்கு, பாய் விரித்த கப்பலின் மேல்தளத்தில் ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும் என்று அப்படியொரு ஆசை.

ஒரே ஒரு பயம். அத்தனை வருடமும் அவரைக் கடலுக்கு அனுப்பிவைத்த சிவகௌரி ஒருநாளும் 'போகாதையுங்கோ' என்று சொன்னதில்லை. இப்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதை மீறிப் போக அவரால் முடியாது.

போன கிழமை கப்பல் அலுவலகத்திலிருந்து பேசினார்கள். கடைசி நேரத்தில் ஒருவர் விலகிவிட்டாராம், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லச் சொன்னார்கள். சிறிதரன் லிட்கம்மில் இருக்கும் நண்பர் பழனிசாமியைக் கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு முழங்கால் வலிங்க, ஆளை விடுங்க" என்று அவர் கழன்றுகொண்டார்.

அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தார் சிறிதரன். சிவகௌரி சிரிக்கவில்லை. அடுத்த நாளே தொடங்கிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, கப்பல் வெள்ளிக்கிழமையெல்லோ வெளிக்கிடுது?"

"அது அந்தக் காலத்துக் கதையப்பா. நான் எத்தினை வெள்ளிக்கிழமை போய் வந்தனான்."

"அப்ப அது பொய்."

"பொய்தான்."

பிறகு பார்த்தால் அவருடைய பைக்குள் துணிமணிகளுக்கு மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

"வழியில பசிச்சா சாப்பிட" என்றாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"கௌரி, நான் வாழைப்பழம் மட்டுமே ஏத்துற கப்பலிலயும் வேலை செய்தனான். ஒண்டும் தாழேல்லை."

"அப்ப அதுவும் பொய்."

சிறிதரனுக்குப் புரிந்துவிட்டது. நேராக வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் சகுனத்தைக் காட்டி மறிக்கிறாள். அதனாலேயே ஒவ்வொன்றையும் முன்னிலும் உறுதியாகப் பொய்யென்று சாதித்தார்.

வெள்ளிக்கிழமை காலை டார்லிங் ஹார்பரில் அவர்களை இறக்கிவிட்டு, தர்சினி கார் நிறுத்த இடம் தேடிப் போனாள். எங்கே போனாலும் செருப்போடு போகும் சிவகௌரி இன்று மகளுடைய ஓட்டச் சப்பாத்தைப் போட்டிருந்தாள். துறைமுகத்தில் நடக்க வசதி என்று நினைத்துக்கொண்டார் சிறிதரன்.

கப்பலில் பாய்மரத்தின் பாதி உயரத்தில் ஒரு இளம்பெண் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். சிவகௌரி அவளையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து ஊதினாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை வந்த விசிலுக்கு, நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"புயல் வருதோ எண்டு பாத்தனான்."

கப்பலின் கொடி அசையாமல் தொங்கியது.

"ஒண்டும் வராது. அதுவும் சும்மா சொன்னது" என்று பையைத் தூக்கினார். "போட்டு வாறன்."

ஏறுபலகையில் பாதி தூரம் போயிருப்பார்.

"இஞ்சேருங்கோ."

அவருடைய கால் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூடப் பின்னால் கூப்பிட்டதில்லை. விரியக் காத்திருந்த பாய்களை அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்தார்.

"பின்னால கூப்பிட்டிட்டன்" என்றாள் சிவகௌரி. "இதுவும் பொய்தானே?"

"பொய்தான்."

"மிச்சம் ஒண்டு இருக்கு. அது?"

எது மிச்சம் என்று அவருக்கு நினைவில்லை. நினைத்துப் பார்க்கவும் தெம்பில்லை.

"எல்லாமே நான் அளந்த கதைதான் கௌரி. உமக்கு மனசில என்ன இருக்கெண்டு நேராச் சொல்லும். நில்லுங்கோ எண்டு சொன்னா, நிக்கிறன்."

அவள் பாய்மரத்தில் நின்ற அந்தப் பெண்ணை இன்னொரு முறை பார்த்தாள். தூரத்தில் தர்சினி இன்னொரு பையை இழுத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அப்ப, நானும் வரட்டோ?"