வாழை இலைக் கருவாடு

“பேப்பர் வரலைங்க.”

உமையாள் நாலாவது நாளாக இதே பொய்யைச் சொன்னாள். பேப்பர் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. வைரவன் எழுந்திருக்கும் முன்பே அதை வாங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்து, மடித்து ஒளித்தும் வைத்தாகிவிட்டது.

வைரவனுக்குப் பேப்பர் இல்லாத காப்பி உப்பில்லாத சோறு மாதிரி. ஆனாலும் அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

குற்றம் செய்து அல்ல. அவர் ஜூரி!

ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியான வைரவனை, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மூன்றாம் மாதம், ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஏழு பேரில் ஒருவராகக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் குடியிருந்த காஜா பெராங் தெருவே ஒரு முழம் உயர்ந்துதான் நடந்தது. “எங்க தெரு ஆளு ஜூரி” என்று பசாரில் மீன்காரனிடம்கூடச் சொல்லிக்கொண்டார்கள். உமையாள் தினமும் அவர் கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

கூண்டில் நின்றவனும் காஜா பெராங்காரன்தான். அங்கே மலாக்கா செட்டிகள் கம்பம் என்ற குடியிருப்பில் இருக்கும் லோரி டிரைவர் ஏகாம்பரம். பண்டார் ஹிலிரில் டயர் கடைச் சீன முதலாளியான தவுக்கேயைக் குத்திக் கொன்றான் என்று வழக்கு. அவனைப் பிடித்த மறுநாளே பேப்பர்க்காரர்கள் அவன் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டு, ‘டயர் கடைக் கொலைகாரன்’ என்று பட்டமும் கட்டிவிட்டார்கள்.

அன்று நல்லையா கடையில் உமையாள் கருவாடு வாங்கினாள்.

“பேப்பர்ல மடிக்காதீங்க. வாழை இலையில மடிங்க.”

“இது பழைய பேப்பர்தான் ஆச்சி.”

“பழசுலதான் அவன் படம் பெரிசா இருக்கு. இலையில மடிங்கன்னா மடிங்க.”

நல்லையா தலையைச் சொறிந்துகொண்டே இலை தேடப் போனார். கடலைப் பொட்டலத்தையும் அவள் அங்கேயே பிரித்து, கடலையை முந்தானையில் கொட்டிக்கொண்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக் கமலவேணி பார்த்துக்கொண்டே நின்றாள். இப்படிப்பட்ட விஷயம் கிடைத்தால் அவளுக்குச் சோறே வேண்டாம்.

“பார்த்தீங்களா நல்லையா அண்ணே? பேப்பர்ல அந்த ஏகாம்பரத்தைக் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. புருஷன் படிச்சா தூக்கு நிச்சயம். தெருக்காரனாச்சேன்னு ஆச்சி காப்பாத்தப் பார்க்கிறாங்க! ஜூரி வீட்டுலயே இப்படி நடந்தா நியாயம் எங்கே போறது?”

இரண்டு நாளில் தெரு முழுக்க அதே பேச்சு.

ஆறாம் நாள் மாலை வைரவன் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். முன்வரிசையில் கமலவேணி.

“என்ன ஆச்சுங்க?” உமையாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“விடுதலை! ஏழு பேரும் ஒண்ணாச் சொன்னோம், குற்றவாளி இல்லைன்னு.”

“அதெப்படி?”

வைரவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னார்.

“கடைக் காவலாளிதானே போலீஸ் நிக்க வெச்ச பத்துப் பேர்ல ஏகாம்பரத்தை அடையாளம் காட்டினவன்? அன்னைக்கு அந்த மழை இருட்டுல முகத்தைப் பார்த்தியான்னு வக்கீல் கேட்டார். பார்க்கலைன்னுட்டான். அப்புறம் எப்படிக் கை நீட்டினேன்னு கேட்டா, ‘அதுக்கு முந்தின நாள் பேப்பர்ல படம் பார்த்தேன் துவான்’னு வக்கீலைக் கும்பிட்டுச் சொல்றான்! வேற சாட்சியே கிடையாது. ஒரு படத்தை நம்பி ஒரு உசிரு போகப் பார்த்துச்சு.”

வாழ்க்கையில் ஒரு பெரிய காரியத்தைச் சரியாகச் செய்துவிட்ட பெருமை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

“இது பேப்பர்ல வரவே இல்லையே!” என்றாள் உமையாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்போ பேப்பர் வந்திருக்கு!” கமலவேணி பாய்ந்தாள். “அண்ணே, அந்த ஏகாம்பரத்தைக் காப்பாத்தத்தான் ஆச்சி பேப்பரை ஒளிச்சு வெச்சாங்க. தெருவுக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.”

வைரவனின் முகம் வாடிவிட்டது. ஆறு நாள் கட்டிக்காத்த நேர்மைக்கு வீட்டுக்குள்ளேயே களங்கமா?

“உண்மையா உமையா? அவனைக் காப்பாத்தவா?”

உமையாள் உள்ளே போனாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த பேப்பர் கட்டை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, பழைய பேப்பரில் வந்த ஏகாம்பரத்தின் அரைப் பக்கப் படம். அதில் அவன் கழுத்தைச் சுற்றி, அடுப்புக் கரியால் யாரோ அழுத்தி அழுத்தி ஒரு சுருக்குப் போட்டிருந்தார்கள்.

“யார் இப்படிச் செஞ்சது?”

“நான்தான். இதையெல்லாம் படிச்சுப் படிச்சு எனக்கு அவன் மேல அவ்வளவு ஆத்திரம். இப்போ நீங்க வந்து சொல்ற வரைக்கும் அவன்தான் கொன்னான்னு நம்பினேன்.”

முன்வரிசையிலிருந்த கமலவேணி மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தாள்.

“அப்படின்னா அவனை மாட்டிவிட எனக்குப் பேப்பரைக் காட்டியிருக்கலாமே! ஏன் ஒளிச்சே?”

உமையாள் அவர் கோட்டிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். இன்றைக்கு நிஜமாகவே கொஞ்சம் தூசி இருந்தது.

“என் கையில இருந்தது வெறும் கரித்துண்டு. உங்க கையிலதானே கயிறு இருந்துச்சு!”