கனகவல்லியின் சிவப்பு

“நகத்தால சுரண்டாதீங்க, பெயின்ட் போயிடும்,” என்றாள் குமுதினி. “அதுக்காக இந்தப் பேரோட நாளைக்கு எங்கம்மா வீட்டு வாசல்ல போய் இறங்கவும் முடியாது.”

பரணிதரன் அந்தப் பழைய சிவப்புக் காரை முந்தின நாள்தான் வாங்கியிருந்தான். பின்பக்கத்தில் ‘கனகவல்லி’ என்று பெரிய ஸ்டிக்கர். காரை விற்றவரின் மனைவி பெயராம். அவன் ஹேர் டிரையரால் சூடு காட்டி எழுத்தெழுத்தாக உரித்தான். மிஞ்சிய பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பழைய பனியனால் துடைத்தெடுத்தான். ஒரு கீறல் விழவில்லை.

ஆனால் பன்னிரண்டு வருட வெயிலில் கார் முழுக்க வெளுத்துப்போயிருக்க, ஸ்டிக்கர் எழுத்துகளுக்கு அடியில் இருந்த சிவப்பு மட்டும் அன்று பூசியதுபோல் இருந்தது. கனகவல்லி முன்னைவிடப் பளிச்சென்று, தெருமுனையிலிருந்தே படிக்கும்படி நின்றாள்.

“பெயின்ட் போகலை,” என்றான் பரணிதரன் மெதுவாக.

குமுதினி அந்த எழுத்துகளின் மேல் கடைசிவரை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“நாளைக்கு பஸ்லயே போயிக்கலாம். ஆனா இன்னைக்கே என் பேரைப் பெரிசா அடிச்சு முன்னாடி ஒட்டுங்க,” என்றாள். “பன்னிரண்டு வருஷத்துக்கு அதுல கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க.”